பழைய கசற்றுகளின் இரைச்சலும் அதைத் துடைத்துவிடும் அவசரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இன்னும் பல வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கும் பழைய கசற்றுகளைப் பற்றியும், அவற்றைப் போட்டுக் கேட்கும்போது எழும் இரைச்சலைப் பற்றியும் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். இரைச்சல் கேட்டதும் நாடா பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கசற்றைக் குப்பையோடு போட்டுவிடுகிறோம். அல்லது கடையில் கொடுத்து, கணினியால் இரைச்சலைத் துடைப்பித்து, துடைத்த பிரதியை வைத்துக்கொண்டு மூலத்தைக் கைவிடுகிறோம். முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற நானே இரண்டாவது தவறில் பாதியைச் செய்து, அதன் நட்டத்தை அறிந்தவன் என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் தாய்மாமன் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வடமோடிக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். 1982 ஆம் ஆண்டு அவர் பழக்கிய கூத்தொன்று அரங்கேறிய இரவில், மத்தியகிழக்கிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் தம்முடன் கொண்டுவந்த ரேப் ரெக்கோடரைக் களரியின் ஓரத்தில் ஒரு வாங்கின்மேல் வைத்து, ஒரு சி-90 கசற்றில் கூத்தின் ஒரு பகுதியைப் பதிவுசெய்தார். விடியும்வரை நடந்த கூத்தில் எங்களுக்கு மிஞ்சியிருப்பது ஏறத்தாழ அந்த ஒன்றரை மணித்தியாலம் மட்டுமே. மாமாவின் குரல் வேறெங்கும் இல்லை. அந்தக் கசற்றைப் போட்டால் தொடக்கம் முதல் முடிவுவரை ‘உஸ்’ என்ற இரைச்சலும், அதன் அடியில் ஓயாத உறுமலும் கேட்டன. ஆகவே, நகரிலுள்ள ஒரு கடையில் அதைக் கொடுத்துப் பென்ட்ரைவில் ஏற்றித் தரும்படி கேட்டேன். இரண்டு நாட்களில் தந்தார்கள். இரைச்சல் துளியும் இல்லை. வீட்டுக்கு வந்து குடும்பத்தோடு இருந்து கேட்டபோதுதான், கூத்தர்களின் சதங்கையும் அதில் இல்லை என்பது விளங்கியது. சல்லரி தண்ணீருக்குள்ளிருந்து தட்டுவதுபோலக் கேட்டது. மத்தளம் மட்டும் தனியே நின்றது. ஆட்டத்தருவுக்கு மாமா தாளக்கட்டுச் சொல்லும் இடத்தில் ‘ச’, ‘த’ ஆகிய எழுத்துகள் மழுங்கி, பல்லில்லாத ஒருவர் சொல்வதுபோல இருந்தது.

கடைக்காரரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. இரைச்சலை எடுக்கச் சொன்னவன் நான்தான். ஆனால் நடந்தது என்னவென்று விளங்கிக்கொள்வது அவசியம். இவ்வாறான மென்பொருள்கள், ஒருவரும் பேசாத ஓரிடத்தை எடுத்து அங்குள்ள இரைச்சல் எந்தெந்த மீடிறனில் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கில்) எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டு, பின்னர் பதிவு முழுவதிலும் அந்த அளவுக்குக் கீழே அடங்கும் ஒலிகளை அமுக்குகின்றன. நாடாவின் ‘உஸ்’ சத்தம் உயர் மீடிறன்களில்தான் அதிகமாக நம் காதுக்குப் படுகிறது. சதங்கையின் சலசலப்பும் சல்லரியின் நீண்ட ஒலியும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. தூரத்தில் ஆடும் கூத்தரின் சதங்கை இரைச்சலின் உயரத்துக்கே எழாதபோது, அது சதங்கையா இரைச்சலா என்பது கணினிக்குத் தெரிவதில்லை. எங்கள் காதுக்குத் தெரிகிறது. காரணம், கூத்தை நாம் பார்த்திருக்கிறோம்.

நல்லவேளையாகக் கசற்றைத் திரும்ப வாங்கி வைத்திருந்தேன். அதன்பிறகுதான் அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கினேன். தேடியபோது, ஒன்று என்று நான் நினைத்திருந்த இரைச்சல் நான்கு ஐந்து வேறு வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தது என்றும், அவற்றுள் பெரும்பங்கு நாடாவில் இல்லை என்றும் கண்டேன்.

இதற்கு முதலில் உதவியது 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டு. அந்த மாதங்களில் ஓரிரவு, இருட்டில் வேறு வேலை இல்லாமல், ஆறு பெரிய பற்றரிகளைப் போட்டு என் பழைய ரேப் ரெக்கோடரில் மாமாவின் கசற்றைக் கேட்டேன். அடியில் இருந்த உறுமல் அறவே இல்லை. மின்சாரம் வந்தது, வீட்டு விளக்குகள் எரிந்தன, மின்விசிறி சுழன்றது. ரெக்கோடர் இன்னும் பற்றரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது, வயர்கூடப் பொருத்தவில்லை. ஆயினும் அதே கணத்தில் ‘ர்ர்ர்’ என்ற ஒரு மெல்லிய இரைச்சல் திரும்பி வந்தது. மின்விசிறியை நிறுத்தினேன், நின்றது. முழு வேகத்தில் விட்டேன், மிகக் குறைந்தது. நடு வேகத்தில் வைத்தேன், கூடியது. புதுவகைச் சிறிய வேகக் கட்டுப்படுத்திகள் வீட்டு மின்சாரமாகிய ஆடலோட்டத்தின் ஒவ்வோர் அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிடுவதால் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டு ஒவ்வொன்றும் வீட்டு வயர் வழியே சிறு பொறிபோலப் பரவுகிறது. அதன்பின் ரெக்கோடரின் வயரைச் சுவரில் செருகியபோது, முன்னைய கனத்த உறுமலும் வந்து சேர்ந்தது. ஆக, மின்விசிறியால் வந்தது ஒன்று, ரெக்கோடரின் சொந்த மின்வழங்கலால் வந்தது இன்னொன்று என்று இரண்டையும் பத்து நிமிடத்தில் பிரித்தறிய முடிந்தது.

கசற்றின் நாடா 3.81 மில்லிமீற்றர் அகலமானது, விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில், அதிலுள்ள பதிவை வாசிக்கும் பகுதியான ஹெட்டின்மேல் உரசிச் செல்கிறது. அவ்வளவு ஒடுங்கிய நாடா அவ்வளவு மெதுவாகச் செல்லும்போது ஹெட்டில் பிறக்கும் சைகை ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் ஒலிபெருக்கியில் கேட்கும். ஆகவே பக்கத்தில் கிடக்கும் கைத்தொலைபேசி, மலிவான எல்.ஈ.டி. விளக்கு, குழல்விளக்கின் சோக், தொலைபேசிச் சாஜர் எதுவானாலும் அந்த ஹெட்டுக்கு ஒரு பெரிய ஒலிபரப்பு நிலையம் போன்றதே. 2ஜி வலையமைப்பில் உள்ள தொலைபேசிக்கு அழைப்பு வரும்போது கேட்கும் ‘தட தட’ என்ற சத்தம் பலருக்கும் பழக்கமானது. தொலைபேசி தன் சைகையை விநாடிக்கு ஏறத்தாழ 217 துண்டுகளாக அனுப்புவதால் அது எழுகிறது. ஒரு கசற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், அந்த அறையிலுள்ள இவை யாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது நியாயம்.

அடுத்து, கசற்றே இல்லாமல் வெறும் ரெக்கோடரின் ‘பிளே’ விசையை அழுத்திக் கேட்க வேண்டும். கசற் இல்லாமல் இயங்காத கருவியானால், உள்ளே நாடா எடுத்துவிட்ட வெறும் கோதைப் போடலாம். அப்போதும் இரைச்சல் அப்படியே இருந்தால், நாடாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிறகு ஒலியளவுத் திருகியை மெல்லப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். திருகியோடு சேர்ந்து இரைச்சலும் குறைந்தால், அது திருகிக்கு முன்னே, அதாவது ஹெட்டிலோ அதன் வயரிலோ சைகையைப் பெருக்கும் முதல் விரியலாக்கியிலோ பிறக்கிறது. திருகியைப் பூச்சியத்தில் வைத்த பிறகும் உறுமல் மாறாமல் நின்றால், மின்வழங்கலையோ இறுதி விரியலாக்கியையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். இதைச் செய்யாமல் திருகாணிகளைக் கழற்றுவோர் பெரும்பாலும் நல்ல பகுதியைத்தான் பழுதாக்குகிறார்கள்.

உறுமலின் சுருதியும் ஒரு சாட்சி. எமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதைச் சீராக்கி இரண்டு அரையலைகளையும் பயன்படுத்தும்போது, மிஞ்சும் அலைவு 100 ஹேர்ட்ஸ் ஆகிறது. சட்சத்துக்கும் மேற்சட்சத்துக்கும் உள்ள தூரந்தான் இரண்டுக்கும் உள்ள தூரம் என்பதால், சுருதிஞானம் சிறிதளவு உள்ளவரும் பிரித்தறியலாம். என் ரெக்கோடரில் வந்தது மேல்சுருதி. திருகியைக் குறைத்தாலும் குறையவில்லை. பாடநூலில் கொள்ளளவி என்றும் திருத்துகிற இடத்தில் கொண்டென்சர் என்றும் சொல்லப்படும் பகுதி, அந்த அலைவை நிரவி ஒரே மட்டமாக்குவது. அதனுள்ளிருக்கும் ஈரப்பசை பல ஆண்டுகளில் வற்றிவிடும். திறந்து பார்த்தபோது 2200 மைக்ரோபரட் கொண்டென்சரின் அடியில் பழுப்புக் கறை ஊறியிருந்தது. அதே கொள்ளளவும், அதே அல்லது அதற்குக் கூடிய வோல்ற்றளவும் உள்ள புதியதை, நேர், எதிர் முனைகள் மாறாமல் பற்றவைத்ததும் உறுமல் நின்றது. இதை அனுபவமுள்ளவரைக் கொண்டே செய்விக்க வேண்டும். மின்சாரம் பாயும் நிலைமாற்றி (ட்ரான்ஸ்போமர்) அதே பெட்டிக்குள் இருக்கிறது, வயரைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கீழ்ச்சுருதியான 50 ஹேர்ட்ஸ் உறுமல் கேட்டால் கதை வேறு. ஹெட்டிலிருந்து வரும் மெல்லிய சாம்பல்நிற வயரைச் சுற்றி ஒரு செப்புப் பின்னல் இருக்கும். வெளிக் குழப்பங்கள் உள்ளே புகாமல் காப்பது அதுவே. ‘பிளே’ அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஹெட் முன்னுக்கு வந்து பின்னுக்குப் போவதால், அந்தப் பின்னல் வளையும் இடத்தில் நாளடைவில் அறுந்துவிடும். வயரை ஒரு காய்ந்த ஈர்க்கால் மெல்லத் தட்டும்போது உறுமல் கூடிக் குறைந்தால் குற்றம் அங்கேதான். தட்டினாலும் மாறாமல், ரெக்கோடரையே கால்வட்டம் திருப்பிவைத்தால் மாறுமானால், அருகிலுள்ள ஏதோ ஒரு நிலைமாற்றியின் காந்தப்புலம் ஹெட்டில் படுகிறது என்று கொள்ளலாம். அப்படியானால் திருத்தவேண்டியது எதுவுமில்லை. மேசையை மாற்றிவிட்டால் போதும்.

கரகரப்பைப் பற்றி எமது பகுதியினர் தனியாக அறிந்திருக்க வேண்டும். கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் உப்புக்காற்று வீட்டுக்குள்ளே குடியிருக்கிறது. மாரியில் சுவரே வியர்க்கிறது. ரெக்கோடரினுள், பதிவுக்கும் இயக்கத்துக்கும் மாறிக் கொடுக்கும் நீண்ட தள்ளு ஆளி (சுவிற்ச்) ஒன்று உண்டு. அதிலுள்ள பல சிறு தொடுகைகள் இந்தக் காற்றில் கறுத்துப்போகும். ஒரு பக்கம் மட்டும் கேட்பது, ‘பிளே’ அழுத்தும்போது பொரிகிற சத்தம் எழுவது, சிலவேளை ஊளையிடுவதுபோல் ஒலி கிளம்புவது எல்லாம் இந்த ஆளியின் குணங்கள். தொடுகைகளைத் துப்புரவாக்கவென்றே விற்கும் தெளிப்பானைச் சிறிது விட்டு, ஆளியை இருபது முப்பது தடவை முன்பின் தள்ளினால் பெரும்பாலும் சரியாகும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பானை ஒருபோதும் விடக்கூடாது. அது எண்ணெய்ப்படலத்தை விட்டுச் சென்று, தூசியைப் பிடித்து, றப்பர்ப் பகுதிகளுக்கும் கேடு செய்யும். ஆளியைத் துப்புரவாக்கும்போது கசற்றை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் உள்ளே கசற் இருக்க அந்த ஆளி பதிவுப் பக்கம் நகர்ந்து, ஒரு தாலாட்டின் நடுவில் இரண்டு விநாடி அழிந்துபோனதை என் கண்முன்னே கண்டிருப்பதால் சொல்கிறேன். பழைய கசற்றின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் தகடுகளையும் உடைத்துவிட்டால் அதன்மேல் மீண்டும் பதிய முடியாது. போடுமுன் அதை முதலில் செய்யுங்கள்.

ஹெட்டைத் துப்புரவாக்குவது பலருக்கும் தெரியும். எதைக்கொண்டு என்பதில்தான் பிழை விடுகிறார்கள். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் தோலுக்காக எண்ணெய்ப் பொருள் சேர்த்திருப்பதுண்டு. அது காய்ந்த பின்னும் படலமாக நிற்கும். ஐசோபுறோப்பைல் அல்கஹோலைக் கேட்டு வாங்க வேண்டும். பஞ்சுக்குச்சியில் சிறிது நனைத்து, ஹெட்டின் முகத்தில் பழுப்புநிறம் வருவது நிற்கும்வரை துடைத்து, முற்றாகக் காய்ந்த பிறகே கசற்றைப் போட வேண்டும். நெடுங்காலப் பாவனையில் ஹெட் காந்தமேறிவிடுவதும் உண்டு. காந்தமேறிய ஹெட், இரைச்சலைக் கூட்டுவதோடு, ஒவ்வொரு முறை போடும்போதும் நாடாவின் உயர்ந்த ஒலிகளைச் சிறிது சிறிதாக அழித்தும்விடும். அந்தக் காந்தத்தை நீக்கும் கருவியைத் தூரத்தில் வைத்தே இயக்கி, மெல்ல ஹெட்டை அணுகி, மெல்லவே ஒரு முழம் இரண்டு முழம் விலக்கிய பின்னர்தான் நிறுத்த வேண்டும். கிட்ட வைத்தபடி நிறுத்தினால் முன்னிருந்ததிலும் கூடுதலாகக் காந்தமேறும். அவ்வேளையில் ரெக்கோடர் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கசற்றுகள் வேறு அறையில் இருக்க வேண்டும்.

ஹெட்டின் அருகில் சுருளி பொருத்திய ஒரு சிறு திருகாணி இருக்கும். நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக நிற்கும்படி வைப்பது அது. 1982 இல் பதிந்த ரெக்கோடரின் ஹெட் எவ்வளவு சரிந்திருந்ததோ, அதே சரிவில்தான் பதிவு நாடாவில் கிடக்கிறது. இன்று போடும் கருவியின் ஹெட் வேறு சரிவில் நின்றால் உயர்ந்த ஒலிகள் மங்கிப்போய், ரெக்கோடரின் சொந்த இரைச்சல் மட்டும் முன்னுக்கு நிற்கும். திருகாணியின் பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, கசற் ஓடும்போது மிக மெல்ல, கடிகாரத்தின் பெரிய முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவுக்குத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஓரிடத்தில், திரை விலகியதுபோல, சதங்கை வந்தது. நாற்பது ஆண்டுகளாக அது நாடாவில்தான் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் அருகில் இருந்த என் மனைவி, “இது மாமாட ஆட்டமெல்லோ” என்றார். காலடியின் அளவிலேயே ஆளை அறிந்துகொண்டார்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு ‘உஸ்’ எஞ்சியது. அதில் ஒரு பகுதி நாடாவுக்கே உரியது. காந்தத் துணிக்கைகள் உள்ள நாடா எதுவும் முழு அமைதியாக இராது. 1968 இல் வந்த டொல்பி பி என்ற இரைச்சல் குறைக்கும் முறை அதை ஏறத்தாழ 10 டெசிபெல் குறைத்தது உண்மைதான், ஆனால் பதியும்போதும் அது போடப்பட்டிருந்தால் மட்டுமே. சாதாரண ரெக்கோடரில் பதிந்த எமது கசற்றுகளுக்கு இயக்கும்போது மட்டும் டொல்பியைப் போட்டால் இரைச்சலோடு குரலும் மங்கும்.

மீதி ‘உஸ்’ என்னவென்பதை அறிந்தபோதுதான் நான் மிகவும் வருந்தினேன். கசற்றின் இரண்டாம் பக்கம் முடியுமுன் பதிவு நிறுத்தப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னுள்ள வெறும் நாடாவில் இரைச்சல் வெகு குறைவு. அதாவது, கூத்துப் பகுதியில் கேட்பதில் பெரும்பங்கு நாடாவின் இரைச்சல் அல்ல, களரியிலிருந்து பதிவானது. ஓரிடத்தில் அது மெல்ல மெல்லத் தணிகிறது. யாரோ “காத்தடிங்கடா” என்கிறார். பிறகு ஒரு பம்பி பத்துப் பதினைந்து தடவை இயங்கும் சத்தம். உடனே ‘உஸ்’ பழைய உரத்துக்கு ஏறுகிறது. அது களரியில் தூக்கியிருந்த பெற்றோல்மாக்ஸ் விளக்கின் சத்தம். மத்தளம் முழங்கும்போது அது அடங்குவதும், ஓய்ந்ததும் மீண்டும் பெருகுவதும்கூட ஒரு பழுதல்ல. ரெக்கோடர் தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைத்ததன் விளைவு. என் பணத்தைக் கொடுத்து நான் துடைப்பித்தது அந்த இரவின் வெளிச்சத்தை.

ஆகவேதான், திருத்தக்கூடிய இரைச்சலை ரெக்கோடரிலும் அறையிலும் திருத்திவிட்டு, நாடாவில் உள்ளதை உள்ளபடியே எண்ணிமப்படுத்த, அதாவது கணினிக் கோப்பாக மாற்ற, வேண்டும் என்று வேண்டுகிறேன். 1969 இல் தொடங்கப்பட்ட, ஒலி மற்றும் ஒலி-ஒளிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கத்தின் வழிகாட்டலும் இதுவே: குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் அளவில், எதையும் கூட்டாமல் குறைக்காமல் மூலப்பிரதி எடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலப் பதிவு ஏறத்தாழ ஒரு கிகாபைற் இடம் பிடிக்கும்; இன்றைய பென்ட்ரைவுக்கு அது ஒரு பொருட்டல்ல. துடைத்த பிரதி வேண்டுமென்றால் அந்த மூலப்பிரதியிலிருந்து எத்தனையும் எடுக்கலாம். துடைத்ததிலிருந்து மூலத்தை எடுக்க முடியாது. மடிக்கணினியில் ஏற்றும்போது அதன் சாஜரைக் கழற்றிவிட்டு, அதன் பற்றரியிலேயே ஓடவிட்டால் இன்னோர் உறுமலையும் தவிர்க்கலாம். ஒலிவாங்கிக்கு உரிய துளையில் ரெக்கோடரின் வயரைச் செருகினால் குரல் சிதறிவிடும் என்பதால், அளவு குறைவாகவே வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். இயன்றால் அதற்குரிய தனி இடைமுகக் கருவியைப் பயன்படுத்துவது நல்லது.

2004 ஆம் ஆண்டுச் சுனாமியிலும் 2011 தைமாத வெள்ளத்திலும் நனைந்து தப்பிய கசற்றுகளை வைத்திருப்போர் அவசரப்பட்டு அவற்றைப் போட்டுப் பார்க்கக்கூடாது. உள்ளே வெண்பூஞ்சணம் தெரிந்தால், அது ஹெட்டிலும் பரவி, அடுத்துப் போடும் நல்ல கசற்றையும் கெடுக்கும். வெயிலிலும் காயவைக்கக்கூடாது, கோது வளையும். நிழலில் காற்றோட்டமான இடத்தில் வைத்து, ஐந்து திருகாணி உள்ள இன்னொரு கோதுக்கு நாடாவை மாற்றுவதே வழி. நாடாவை ஹெட்டோடு அணைக்கும் சிறு பஞ்சுத்துண்டு பசைவிட்டு விழுந்திருந்தாலும் இதே மாற்றம் போதும். குரல் மங்கி விட்டுவிட்டுக் கேட்பதற்கு அது ஒரு பெருங்காரணம்.

இதையெல்லாம் வீட்டுக்கு வீடு செய்வது இயலாது என்பதை அறிவேன். அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் காந்த நாடாக்களை எண்ணிமப்படுத்துவதற்கு 2025 ஐ எல்லை ஆண்டாகக் குறித்திருந்தது. நாடாக்கள் நலிவதோடு, அவற்றை இயக்கும் கருவிகளும் திருத்தத் தெரிந்தவர்களும் இல்லாமற் போவதே அதற்குக் காரணம். எமது நகரங்களில் வானொலி திருத்தும் கடைகள் ஒவ்வொன்றாகத் தொலைபேசிக் கடைகளாகிவிட்டன. ஆகையால், கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், மட்டக்களப்பு, கல்முனைப் பொது நூலகங்களும், நன்கு திருத்திய ஒரு ரேப் டெக்கையும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் மாதத்தில் ஒரு நாளாவது மக்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படுவான்கரையின் கூத்தும், கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிக் குளுர்த்தியில் பாடிய பாடல்களும், அக்கரைப்பற்று, சம்மாந்துறை முஸ்லிம் பெண்கள் பாடிய கவிகளும், வெளிநாடு போன பிள்ளைகளுக்குப் பெத்தாமார் பேசி அனுப்பிய கசற்றுக் கடிதங்களும் அரும்பொருட்சாலைகளில் இல்லை, அலுமாரிகளில்தான் இருக்கின்றன.

கல்லடி வாவியில் முழுநிலவு இரவில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீனின் ஓசையைக் கேட்டவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அருட்தந்தை லாங் அவர்களின் முயற்சியால் அந்த ஓசை 1960 களில் இலங்கை வானொலியில் ஒலிபரப்பப்பட்டது. தண்ணீரின் இரைச்சலுக்குள்ளே கேட்கும் அந்த மெல்லொலியை இன்றைய மென்பொருளிடம் கொடுத்தால், வாவியோடு மீனையும் சேர்த்துத் துடைத்துவிடும் என்றே அஞ்சுகிறேன்.

இறுதியாக ஓர் உதவி. என் ரெக்கோடரின் பெல்ற் உருகித் தார்போலாகிவிட்டதால், தற்சமயம் வேறொன்றிலிருந்து கழற்றிய பெல்ற்றைப் போட்டே ஓட்டுகிறேன்; அது சற்றுத் தளர்ந்திருப்பதால் மாமாவின் இழுப்பு நீளும் இடங்களில் சுருதி ஆடுகிறது. சதுர வெட்டுள்ள சிறிய பெல்ற்றுகளும், கசற்றின் உள்ளே வைக்கும் பஞ்சுத்துண்டுகளும் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இன்னும் எந்தக் கடையில் கிடைக்கின்றன என்பதை அறிந்த வாசகர்கள் தங்கள் பத்திரிகை மூலம் அறியத்தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். கசற்றின் முதற்பக்கத்தை இன்னும் எண்ணிமப்படுத்தவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஆரையம்பதி.